ஆற்றில் சாக்கடை: கொக்கிரகுளமா, பசுமைத் தீர்ப்பாயமா, மதுரைக் கிளையா?

தாமிரபரணியில் சாக்கடை விழுவதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் திங்கள்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் மனுவோடு போகிறார்கள். காசு செலவில்லை. ஆனால் மனு உரிய துறைக்கு அனுப்பப்படும்; சாக்கடையை விடுவது உள்ளாட்சியே என்றால், அதன் மேசைக்கே போய்ச் சேரும். பதிவு எண்ணுக்காக மட்டும் கொடுக்கலாம். நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை. சிக்கல் காலக்கெடுவில்தான். தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். திங்கள் மனுவுக்குப் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கெடு நிற்காமல் ஓடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வேகம்? 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிய கேரள மருத்துவக் கழிவை, தீர்ப்பாயம் உத்தரவிட்ட சில நாள்களில் கேரளம் லாரிகளில் திரும்ப அள்ளிப்போனது. அங்கே கழிவோடு கிடந்த காகிதங்களே முகவரி சொல்லிவிட்டன. சாக்கடைக்கு அந்த வசதி இல்லை.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் பொதுநல வழக்குக்கு அப்படி எழுதிவைத்த காலக்கெடு இல்லை. ஆனால் ஆய்வக அளவுகளில் இரு தரப்பும் முரண்பட்டால், தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்ல வாய்ப்புண்டு. குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் தரும் வழக்கில் 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச்சில் மனு தள்ளுபடி. ஏற்கெனவே உள்ள உத்தரவை அதிகாரிகள் கிடப்பில் போட்டிருந்தால் மதுரைதான் சரி. புதிதாகத் தொடங்க, தீர்ப்பாயம்.

எங்கே போனாலும் மாதிரி வேண்டும். கழிவு விழும் இடத்தில் ஒன்று, ஆற்றோட்டத்தில் அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று; மேலே எடுக்காவிட்டால் 'அழுக்கு மேலிருந்தே வருகிறது' என்பார்கள். கிருமிச் சோதனைக்குக் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில், பனிக்கட்டிப் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். குளோரின் கலந்த குழாய்நீர் என்றால் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட நீருக்கும் நல்ல அறிக்கை வரும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ-கோலைகூட (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) இருக்கக்கூடாது.

நீங்கள் எடுத்த மாதிரி விசாரணையைத் தூண்டும். குற்ற வழக்குக்குப் போதாது. அதற்கு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரியமே அறிவிப்புக் கொடுத்து மாதிரி எடுத்து, முத்திரையிட வேண்டும். அதை மனுவிலேயே கேளுங்கள்.