தூங்கும் நேரத்துக்கு ஒரு நட்சத்திரப் பலகை: ஆறு வாரம் பயன்படுத்திய பிறகு

நான்கு வயது மகளைப் படுக்க வைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தபோது வாங்கிய காந்தப் பலகை இது. ஏழு நாள் கட்டங்கள், நான்கு வரிசைகள், ஒட்டி வைக்க நட்சத்திரங்கள், கூடவே ஓர் அட்டைச் சீட்டு.

பல் தேய்ப்பது, உடை மாற்றுவது, கட்டிலுக்குப் போவது என்ற மூன்று வரிசைகளும் முதல் வாரமே பலன் தந்தன. நான்காவதுதான் தவறு: 'உடனே தூங்கினேன்'. தூக்கம் என்ன, கூப்பிட்டால் வருவதா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இமை படபடக்க, "தூங்கிட்டேனாம்மா?" என்று கேட்டபடி கிடந்தாள். பாவமாக இருந்தது. அதன் மேல் தாள் ஒட்டி, 'கட்டிலிலேயே இருந்தேன்' என்று மாற்றி எழுதினேன். அப்புறம் அந்தத் தவிப்பு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சீட்டு. இரவில் ஒரே ஒரு முறை, தண்ணீருக்கோ கட்டிப்பிடிக்கவோ, அதைக் கொடுத்துவிட்டு எழுந்து வரலாம். கொடுக்காமல் வைத்திருந்தால் மறுநாள் கூடுதலாக ஒரு கதை. 1999-இல் பேட்ரிக் ஃப்ரைமன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட முறையை ஒட்டியதுதான் இது. முதல் நாள் ஐந்தே நிமிடத்தில் சீட்டோடு வந்து நின்றாள். நான்காம் நாள் காலையில் பார்த்தால், வியர்வையில் ஓரம் மடங்கிய சீட்டு அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. எழுந்து வர வழி இருக்கிறது என்ற தைரியமே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அடம்பிடித்தால் நட்சத்திரத்தைத் திரும்ப எடுக்கச் சொல்கிறது குறிப்புத்தாள். ஒரு நாள் எடுத்தேன். அழுதழுது அன்று தூங்கியதே நள்ளிரவில். சம்பாதித்ததைப் பிடுங்கக் கூடாது. அதோடு, பகல் தூக்கம் சாயங்காலம் வரை நீண்ட நாட்களில் எந்த நட்சத்திரமும் உதவவில்லை. 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்தே 10 முதல் 13 மணி நேரம்தான் கணக்கு.

பெரிய குறை காந்தம்தான். மூன்றாம் வாரம் இரண்டு நட்சத்திரங்களின் பின்பக்கம் பெயர்ந்து, பொட்டு அளவு காந்தங்கள் தரையில் கிடந்தன. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தயவுசெய்து இதை வாங்காதீர்கள். நான் எல்லாக் காந்தங்களையும் அப்புறப்படுத்திவிட்டு, காகித ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறேன். சீட்டு மட்டும் அதேதான், ஓரத்தில் டேப் சுற்றி வைத்திருக்கிறோம்.