சென்னை ஓஎம்ஆர் பக்கம் காரைக் கழுவக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 700 ரூபாய் ஃபோம் வாஷுக்கு விட்ட காரை பெயிண்ட் முழுக்கக் கீறி வைத்துக் கொடுத்தார்கள். போய்க் கேட்டதற்கு 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பாலிஷ் என்ற பெயரில் அந்தக் கீறலை மூடிக் காட்டினார்கள். மூடியது மழையில் போனதும், 22,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) போட்டால்தான் இனி சரியாகும் என்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

என் கார் கருநீலம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கொடுத்தேன். அன்றைக்கு எந்த வாட்டர் சர்வீஸிலும் வண்டி நிற்க இடம் இருக்காது, தெரிந்ததுதான், ஆனால் இது பார்க்கப் பெரிய கடை, டோக்கன் போட்டு, ஏசி ரூமில் உட்கார வைத்து, காபி எல்லாம் கொடுத்தார்கள். அந்த ரூமுக்கும் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர், அதில் மேலிருந்து கீழ் வரை ஆஃபர் ஸ்டிக்கர். வெளியில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. காரில் விட்ட போனை எடுக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். கழுவிக்கொண்டிருந்த தம்பியின் கையில் ஒரே ஒரு மைக்ரோஃபைபர் கையுறை. அதை வைத்தே டயரைத் தேய்க்கிறார், அலாய் வீலின் உள்பக்கம் விட்டுத் தேய்க்கிறார், அடியில் மண் படிந்து கலங்கிக் கிடக்கும் பக்கெட்டில் ஒரு முக்கு முக்குகிறார், அப்படியே பானெட்டுக்குப் போகிறார். நடுவில் அது சிமென்ட் தரையில் விழுந்தது. எடுத்தார், உதறினார், தொடர்ந்தார். "தம்பி, அது கீழே விழுந்துச்சே" என்றேன். "ஷாம்பு இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்றார். துடைக்கும்போது மைக்ரோஃபைபர்கூட இல்லை, பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டி மிச்சமாகும் துணியை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார்களே, அதுதான். அதில் தையல் ஓரமும் இருக்கும், முன்னால் துடைத்த வண்டியின் மணலும் இருக்கும். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. வரிசையில் அத்தனை வண்டி நிற்கும்போது ஒரு கையுறையைக் கொடுத்து அனுப்பியது கடைதான்.

அன்றைக்கு ராத்திரி பெட்ரோல் பங்கில் எல்இடி விளக்குக்குக் கீழே நிறுத்தியபோது தெரிந்தது. பானெட், நான்கு கதவு, டிக்கி எல்லாவற்றிலும் சிலந்தி வலை விரித்த மாதிரி மெல்லிய கோடுகள், ஒவ்வொரு விளக்கின் பிம்பத்தைச் சுற்றியும் வட்ட வட்டமாக. கூரையில் மட்டும் இல்லை, ஏனென்றால் கூரையை அந்தத் தம்பி சும்மா ஒரு தண்ணீர் காட்டிவிட்டு விட்டிருந்தார்.

இந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுப் பலர் "வட்டமாகத் துடைத்ததால் வந்தது" என்பார்கள். அப்படி இல்லை. கீறல் எல்லாத் திசையிலும்தான் ஓடும், விளக்குக்குக் குறுக்காக விழுந்த கீறல்கள் மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போலத் தெரியும். நேராகத் துடைத்தாலும் துணியில் மண் இருந்தால் கீறும். நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி இருப்பது கிளியர் கோட், அது பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் வரைதான், ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. நம் ரோட்டுத் தூசியில் பெரும்பகுதி மணல். மணல் அந்தப் பூச்சைவிடப் பல மடங்கு கடினம். அதை ஈரத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தி இழுத்தால் என்ன ஆகும்? எவ்வளவு நுரை போட்டாலும் அதுதான் ஆகும்.

மறுநாள் போனேன். மேனேஜர் வெளியே வந்து, நிழலில் நிற்கிற காரைப் பார்த்து, "எதுவும் தெரியலையே சார்" என்றார். போன் டார்ச்சை அடித்துக் காட்டினேன். "டார்க் கலர்னா அப்படித்தான் சார் இருக்கும்." அடுத்தது, "இது ஏற்கெனவே இருந்திருக்கும், கழுவினதும் தெரியுது." இந்த இரண்டு வசனமும் பாடம் பண்ணி வைத்தது போலிருக்கிறது, பிறகு விசாரித்தபோது வேறு கடைகளில் மாட்டிய இரண்டு பேரும் இதையே கேட்டதாகச் சொன்னார்கள். என் அதிர்ஷ்டம், அதற்குச் சில நாள் முன்னால்தான் பழைய கார் விலை பார்க்கும் ஆப்பில் போடுவதற்காக பார்க்கிங் விளக்கில் நிறுத்திப் படம் எடுத்திருந்தேன். பானெட்டில் டியூப் லைட் நேர்க்கோடாகத் தெரியும், ஒரு கீறல் கிடையாது. படத்தைக் காட்டியதும் குரல் மாறியது. "சரி விடுங்க சார், 9,000 ரூபாய் மூணு ஸ்டெப் பாலிஷ், உங்களுக்காகப் பாதி விலையில் பண்ணித் தர்றேன்." அவர்கள் கெடுத்ததை அவர்களே சரிசெய்ய நான் பாதி விலை கொடுக்க வேண்டுமாம். எவ்வளவோ வாதாடினேன், இறங்கி வரவில்லை. வேறு இடத்தில் செய்தால் முழு விலை ஆகுமே என்று ஒத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வண்டி பளபளவென்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. ஐப்பசி மழை பிடித்தது, வீட்டில் ஷாம்பு போட்டு ஒன்றிரண்டு முறை கழுவினேன், மெதுவாக எல்லாக் கோடும் திரும்பி வந்தது. கூடவே புதிதாக ஒன்று: வெயிலில் பார்த்தால் பானெட்டின் மேல் அலை அலையாக மங்கலான தடம், நடந்தால் கூடவே நகரும். இதை ஹோலோகிராம் என்பார்கள். வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினில் கரடுமுரடான கம்பளி பேடைப் போட்டு அழுத்தி ஓட்டிவிட்டு, அதற்கடுத்த நைஸ் பாலிஷைச் செய்யாமல் விட்டால் வருவது. மூன்று ஸ்டெப் என்று வாங்கிய காசுக்கு ஒரு ஸ்டெப்தான் நடந்திருக்கிறது. மிச்சத்துக்கு கிளேஸ் என்கிற எண்ணெய்ப் பசையான ஒன்றைத் தடவி கீறல்களை நிரப்பிவிட்டார்கள். அது கீறலை எடுக்காது, உள்ளே போய் உட்கார்ந்து மறைக்கும், கழுவக் கழுவப் போய்விடும்.

இதை எனக்கு விளக்கியவர் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து கதவில் கொஞ்சம் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் துடைத்தார். மிச்சம் இருந்த பளபளப்பும் போய், கீறல் முழுசாக முகம் காட்டியது. பிறகு பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டரை வைத்தார். கூரையில் 112 மைக்ரான், பானெட் நடுவில் 96, பானெட்டின் ஓர மடிப்பில் 81. பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. தொழிற்சாலையிலேயே இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் என்பதால் முழு வித்தியாசத்தையும் மெஷின் தின்றது என்று சொல்ல முடியாது, ஆனால் ஓரத்தில் இவ்வளவு குறைந்திருப்பது கம்பளி பேடை அழுத்தியதால்தான் என்றார். மடிப்பிலும் ஓரத்திலும்தான் மெஷின் முதலில் தின்னும், அதனால் வேலை தெரிந்தவர்கள் அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். "இதுக்கு மேல பானெட்டுல யாரையும் ரப்பிங் அடிக்க விடாதீங்க தம்பி, போன கிளியர் கோட் திரும்பி வராது, அப்புறம் மொத்த பானெட்டும் பெயிண்ட்தான்."

இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனபோதுதான் செராமிக் கதை வந்தது. 9ஹெச் கடினம், ஐந்து வருட வாரன்டி, கீறலே விழாது என்று டிவியில் ஒரு வீடியோ, பானெட்டில் தீயைப் பற்ற வைத்து அணைப்பார்கள், ஒன்றும் ஆகாது. அந்தச் சில நொடித் தீ கோட்டிங் இல்லாத பெயிண்டையும் ஒன்றும் செய்யாது. 9ஹெச் என்பது பென்சில் சோதனை: 9ஹெச் பென்சிலை மேலே அழுத்தி ஓட்டினால் கோடு விழாது, அவ்வளவுதான். மணல் பென்சிலைவிடக் கடினமானது. நல்ல கோட்டிங் போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாக விடும், அதெல்லாம் உண்மை, அதற்காகப் போடுபவர்கள் போடுங்கள். ஆனால் ஓரிரு மைக்ரான் கனமுள்ள பூச்சு மண் துணியைத் தாங்கும் என்று சொல்லி விற்பது பொய். அதைவிட மோசம், கீறலை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால் கீறல் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். எடுக்கவேண்டுமென்றால் மறுபடி மெஷின். அந்த மெஷினுக்குத்தான் என் பானெட்டில் இனி இடம் இல்லை.

பில்லைக் கேட்டால் "டீடெய்லிங் 1" என்று ஒரே வரி. என்ன பாலிஷ், எத்தனை ஸ்டெப், ஒன்றும் கிடையாது. கூகுளில் நடந்ததை எழுதினேன். உடனே போன் வந்தது: கமெண்ட்டை எடுத்துவிட்டால் ஒரு ஃபோம் வாஷ் இலவசமாம். இதே கையுறையால்தானா என்று கேட்டேன், கட் பண்ணிவிட்டார்.

இனி கழுவக் கொடுக்கிறவர்கள் இவ்வளவு பாருங்கள். கையோ துணியோ படுவதற்கு முன்னால் பிரஷர் தண்ணீரில் மண்ணை முழுக்க அடித்துவிடுகிறார்களா, நுரையைப் போட்டுச் சில நிமிடம் ஊற விட்டு மறுபடி தண்ணீர் அடிக்கிறார்களா என்பதுதான் பாதி வேலை. நுரையைப் போட்ட கையோடு தேய்க்க வந்தால் அது வெறும் அலங்காரம். வீலுக்குத் தனிப் பக்கெட், தனிப் பிரஷ் இருக்க வேண்டும். பிரேக் பேட் தேய்ந்து விழும் இரும்புத்தூள் அங்கேதான் இருக்கிறது. துடைக்கும் துணியைக் காட்டச் சொல்லுங்கள், பனியன் வேஸ்ட் என்றால் "துடைக்க வேண்டாம், ஏர் அடிச்சுக் கொடுங்க போதும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடியில் டீசல் ஸ்ப்ரே அடிக்கட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள், அடியில் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும். கொடுக்கும்போதே டார்ச் அடித்து ஒவ்வொரு பக்கத்தையும் வீடியோ எடுங்கள், கடைக்காரர் பார்க்கும்படி எடுங்கள். பாலிஷ் என்றால் என்ன செய்யப் போகிறோம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், முடிந்ததும் ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாகச் செய்தவர் மறுக்க மாட்டார்.

நான் இப்போது வீட்டிலேயே கழுவுகிறேன். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குள். கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவேன், கதவின் அடிப்பகுதி கடைசி. வெயிலில் கழுவுவதில்லை, ஷாம்பு காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். கனமான மைக்ரோஃபைபர் டவலை மேலே பரப்பி ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டியதில்லை. அந்தத் துணிகளை கம்ஃபர்ட் மாதிரி எதுவும் போடாமல் தனியாகத் துவையுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விடைப் போட்டுக் காரைக் கழுவாதீர்கள், பெயிண்டின் மேல் இருக்கும் வாக்ஸை அது உரித்துவிடும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, உடனே துடைக்காவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். சிலர் ஆர்ஓ மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பிடித்துக் கழுவுகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்திருந்தால் சுரண்டாமல் ஈரத் துணியைப் போட்டு ஊற வையுங்கள். அப்பார்ட்மென்டில் மாதச் சம்பளத்துக்குத் துடைக்கும் அண்ணன்கள் ஒரே பக்கெட் தண்ணீரில் பல கார்களைத் துடைப்பார்கள், தூசி மேலேயே ஈரத் துணி. எங்கள் அண்ணனிடம் உள்பக்கமும் கண்ணாடியும் மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன், சம்பளம் அதேதான்.

புகாரைப் பொறுத்தவரை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். கடை பதில் சொல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போடலாம், கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முன்னால் எடுத்த படம், பில், ஜிபே ரசீது, மீட்டர் அளவின் படம் எல்லாம் வைத்திருக்கிறேன்.

பானெட்டுக்கு மட்டும், கீறல் படாமல் காக்க மேலே ஒட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் படலமான பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் ஒட்டலாமா என்று யோசனை. ஏற்கெனவே கீறல் உள்ள பெயிண்டின் மேல் ஒட்டியவர்கள் யாராவது இருந்தால், அடியில் உள்ள கோடு தெரிகிறதா, சென்னை வெயிலில் மஞ்சளாகிறதா, எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள்.