பி.எல்.டி.சி. மின்விசிறியுடன் சில கோடைகள்

மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் சுழல்கிறது. கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி என்று வீட்டில் உள்ள வேறெதுவும் இவ்வளவு நேரம் உழைப்பதில்லை. ஆனாலும் வாங்கும்போது நாம் மிகக் குறைவாக யோசிப்பது மின்விசிறிக்குத்தான். கடைக்குப் போய் நிறத்தைப் பார்த்து, விலையைக் கேட்டு, பத்து நிமிடத்தில் பெட்டியோடு திரும்பிவிடுகிறோம். பழைய விசிறிகளை இறக்கிவிட்டு, பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையில்லா நேர்திசை மோட்டார் கொண்ட விசிறிகளை மாட்டிச் சில கோடைகள் கடந்துவிட்ட நிலையில், அவை தந்த நன்மையையும் கொண்டுவந்த புதிய கவலையையும் விரிவாகப் பதிவு செய்யலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருப்பவை இரு வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகள் இவ்வகை விசிறிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்துபவை என்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

வித்தியாசம் முழுவதும் மோட்டாருக்குள் இருக்கிறது. நாம் பல தலைமுறையாகப் பயன்படுத்திவந்த சீலிங் ஃபேனில் இருப்பது ஒற்றை ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். உள்ளே காயில், வெளியே சுழலும் கூடு, தொடக்க விசைக்கு ஒரு கண்டன்சர், அவ்வளவுதான். எளிமையானது, முரட்டுத்தனமாக உழைப்பது, ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விடுவது. முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பி.எல்.டி.சி. விசிறியில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை ஒரு சிறிய மின்னணு போர்டு நேர்திசையாக்கி, காந்தம் நிற்கும் இடத்தை அறிந்து, அதற்கேற்பக் காயில்களுக்கு முறை வைத்து மின்சாரத்தை அனுப்புகிறது. அதே 1200 மில்லிமீட்டர் விசிறி, ஏறக்குறைய அதே காற்று, ஆனால் முழு வேகத்திலும் 28 முதல் 35 வாட் மட்டுமே. இரவு முழுவதும் ஓடிய பழைய விசிறியை நிறுத்திவிட்டு அதன் நடுப்பகுதியைத் தொட்டால் கை சுடும். புதியதில் இளஞ்சூடுதான் இருக்கும். வீணாகும் மின்சாரம் எங்கே போயிற்று என்று அறிய இதைவிட நேரான சோதனை வேறில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டு மின் மீட்டரைக் கொண்டே சரிபார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று குறிக்கப்பட்டிருக்கும். எங்கள் மீட்டரில் அது 3200. குளிர்சாதனப் பெட்டி, வைஃபை, சார்ஜர்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பழைய விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால், 75 வாட் கணக்கில் அந்த விளக்கு 15 நொடிக்கு ஒருமுறை மின்னும். புதிய விசிறி 30 வாட் எடுத்தால் 37 நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். வேகத்தை மிகக் குறைத்து வைத்தால், விளக்கு அடுத்த முறை மின்னுவதற்குள் நிமிடங்கள் கடந்துவிடுகின்றன. கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தோடு மீட்டர் பெட்டியின் முன் நின்று இதைச் சரிபார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி, எந்த விலையுயர்ந்த கருவியை வாங்கியபோதும் எனக்குக் கிடைத்ததில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பொறியியலைக் கண்ணால் பார்ப்பது தனி நிறைவு.

குறைந்த வேகத்தில் கிடைக்கும் சேமிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. மார்கழி இரவில் விசிறியை மிக மெதுவாக ஓடவிட்டு உறங்குவது நம் வழக்கம். பழைய சதுரப் பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைத்தபோது மிச்ச மின்சாரத்தைத் தானே சூடாக்கித் தீர்த்தது. பின்னால் வந்த மின்னணு ரெகுலேட்டர்களில் சில, வேகத்தைக் குறைத்தால் விசிறியை ரீங்காரமிட வைத்தன. பி.எல்.டி.சி. விசிறி அந்த வேகத்தில் ஒற்றை இலக்க வாட்டில், ஓசையே இல்லாமல் சுழல்கிறது. ஆனால் இதற்குப் பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து முற்றிலும் விலக்கிவிட வேண்டும். ரெகுலேட்டர் வழியாகவே இணைத்து ஓட்டினால் போர்டு கெட வாய்ப்புண்டு என்பதை மாட்ட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி பணக் கணக்கு. கூடத்து விசிறி ஒரு நாளில் 16 மணி நேரம், இரண்டு படுக்கையறை விசிறிகள் தலா 9 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 45 வாட் குறைகிறது என்று கணக்கிட்டால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 90 யூனிட் மிச்சமாகிறது. தமிழ்நாட்டில் இந்த 90 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அந்த வரம்புக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் சிறு குடும்பத்துக்குக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாறாக, கோடையில் 500 யூனிட்டைச் சற்றே தாண்டிவிடும் வீடுகளுக்கு இது பெரிய வரம். 500-ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுகளுக்கு விலை உயர்வதோடு, முன்னே பயன்படுத்திய யூனிட்டுகளின் ஒரு பகுதிக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடுகிறது. ரீடிங் எடுக்க வருபவர் அட்டையில் எழுதும் எண் 540-க்குப் பதில் 450 ஆக இருந்தால், அந்த வேறுபாடு விசிறியின் கூடுதல் விலையை விரைவில் ஈடுகட்டிவிடும். சாதாரண விசிறி ஒன்றரை ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்கும், பி.எல்.டி.சி. விசிறி மூவாயிரத்தை ஒட்டியும் விற்கப்படும் நிலையில், உங்கள் அட்டையில் கடந்த ஓராண்டாக உள்ள எண்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அண்டை வீட்டாரின் அனுபவம் இதில் உதவாது.

எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது மின்வெட்டு நேரத்து நிம்மதிதான். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு எப்படி இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வீடுதோறும் இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியிலிருந்து, இழப்புகள் போகச் சுமார் 1000 வாட் மணி கிடைக்கிறது என்று கொண்டால், மூன்று பழைய விசிறிகளை நாலரை மணி நேரம் ஓட்டலாம். அதே பேட்டரி மூன்று பி.எல்.டி.சி. விசிறிகளைப் பதினோரு மணி நேரம் தாங்கும். இப்போது மின்வெட்டு முன்புபோல் இல்லை என்றாலும், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலையில் தரும் நாள்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் அப்படியொரு பகல் முழுவதும் வயதானவர்கள் விசிறிக்கடியில் படுத்திருக்க முடிகிறது என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் பழைய விசிறிகள் எழுப்பும் அந்த உறுமலும் இப்போது இல்லை. வந்த மின்சாரத்தை முதலில் நேர்திசையாக்கிக்கொள்வதால் அலையின் வடிவம் இவற்றைப் பாதிப்பதில்லை.

லோ வோல்டேஜ் பிரச்சினையும் இப்படியே தீர்ந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் கோடை இரவில் மின்னழுத்தம் சரியும்போது பழைய விசிறி தளர்ந்துபோகும். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதே காரணம். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் காற்று குறைகிற இந்தக் கொடுமையைப் புதிய விசிறி ஒழித்துவிட்டது. குழல் விளக்கு மங்கினாலும் விசிறியின் வேகம் மாறுவதில்லை.

பழகிக்கொள்ள வேண்டிய சில நடத்தைகள் உண்டு. சுவிட்சைப் போட்டதும் இது உடனே சுழலாது. ஓரிரு நொடி நின்று, சில சமயம் பின்பக்கமாகச் சிறிது அசைந்து, பிறகுதான் முன்னோக்கிச் சுழலத் தொடங்கும். காந்தம் எங்கே இருக்கிறது என்று போர்டு கண்டறிய எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. ஆயுத பூஜைக்கு றெக்கையைத் துடைக்க ஏணியில் ஏறிக் கையால் சுற்றிப் பார்த்தபோது, பழைய விசிறிபோல் வழுக்கிக்கொண்டு ஓடாமல், படிப்படியாக இடறி இடறிச் சுற்றியது. நிலைக்காந்தம் உள்ளிருக்கும் இரும்புப் பற்களை ஒவ்வொன்றாகப் பற்றி விடுவதை விரல் நுனியில் உணரலாம். பேரிங் போய்விட்டதோ என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

ரிமோட்டைப் பற்றி வீட்டில் இரு கருத்துகள் உள்ளன. படுக்கையிலிருந்தே வேகத்தைக் குறைப்பதும், விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக நிற்க நேரம் வைப்பதும் எனக்கு வசதி. அம்மாவுக்கோ சுவரில் இருந்த ரெகுலேட்டரைத் திருகுவதே சுலபம். இருட்டில் சின்னஞ்சிறு எழுத்துகள் கொண்ட ரிமோட்டைத் தேடுவதும், அடுத்தடுத்து இருக்கும் ஒரே நிறுவனத்தின் இரண்டு விசிறிகளும் ஒரே பொத்தானுக்குக் கீழ்ப்படிவதும் அவருக்குத் தொல்லை. “ஒண்ணைக் குறைச்சா ரெண்டும் குறையுதுடா” என்பது அவர் சொன்ன குறை, நியாயமான குறை. வயதானவர்கள் இருக்கும் அறைக்கு, சுவரில் பொருத்தும் ரெகுலேட்டரை ஏற்கும் பி.எல்.டி.சி. மாடலை வாங்குவதே முறை.

இனி, புதிய கவலை. ஐப்பசியின் ஓர் இடி மழைக்குப் பின் அம்மா அறையின் விசிறி நின்றது. எங்கள் தெரு எலெக்ட்ரீசியன் கழற்றிப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார். “போர்டு போச்சு சார். காயில்னா கட்டிக் குடுத்துடுவேன், இதுக்குக் கம்பெனிக்குத்தான் சொல்லணும்” என்றார். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தெருவின் விசிறிகளைக் காப்பாற்றி வருபவர். வேகம் குறைந்தால் கண்டன்சர், சத்தம் வந்தால் பேரிங், கருகினால் காயில் கட்டுதல் என்று அவரிடம் எல்லாவற்றுக்கும் அரை நாளில் தீர்வு உண்டு. வாரண்டி இருந்ததால் எங்களுக்குச் செலவில்லை, ஆனால் நிறுவனத்தின் ஆள் போர்டோடு வந்து சேரப் பல நாள்கள் ஆயின. அதுவரை பரணிலிருந்த பழைய விசிறியே மீண்டும் அங்கே சுழன்றது.

மோட்டாரின் காந்தமும் காயிலும் நீண்ட காலம் உழைப்பவை. பலவீனமான இடம் அந்தப் போர்டுதான். வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்கு ஓரடி கீழே அது தொங்குகிறது. அதில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி கூடினால் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இடி ஒருபுறம் இருக்க, தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கும் அழுத்தம் வந்துவிடக்கூடும். மழைக்காலத்துக்கு முன் மெயின் போர்டில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்துவதும், எர்த் இணைப்பைச் சோதிப்பதும் இவ்வகை விசிறி உள்ள வீடுகளில் கட்டாயம் செய்ய வேண்டியவை.

இதில் நிறுவனங்களும் அரசும் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் 2012-இல் தொடங்கிய ஆட்டம்பெர்க் இத்தகைய விசிறிகளை இந்தியாவில் பரவலாக்கியது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று, அதை எத்தனை வாட்டில் தருகிறது என்ற விகிதமே அந்த நட்சத்திரங்களுக்கு அடிப்படை. மின்சாரத்தை அளக்க இப்படியொரு நல்ல அளவுகோல் வந்திருக்கும்போது, பழுது பார்ப்பதற்கு அப்படியொன்று விசிறியின் பெட்டியில் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதன் வரம்பில் வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களும் உள்ளன. விசிறி நிறுவனங்கள் போர்டின் விலையையும், எத்தனை ஆண்டுகள் அது கிடைக்கும் என்பதையும் பெட்டியிலேயே அச்சிட வேண்டும், தெரு எலெக்ட்ரீசியனும் கடையில் காசு கொடுத்து அதை வாங்க முடிய வேண்டும். வாரண்டி முடிந்தபின் போர்டு கிடைக்காமல் ஒரு நல்ல மோட்டார் காயலான் கடைக்குப் போகுமானால், அதுவரை சேமித்த மின்சாரத்தின் பெருமை அங்கேயே குறைந்துவிடுகிறது.

அடுத்து மாடி அறைக்கு ஒன்று வாங்கவிருக்கிறேன், அதுவும் பி.எல்.டி.சி.தான். ஐந்தாண்டு வாரண்டி இருக்கிறதா, அது மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா, மதுரையிலேயே சேவை மையம் உள்ளதா, போர்டைத் தனியாக விற்பார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் கடைக்காரரிடம் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுப்பேன். சமையலறையில் மட்டும் பழைய விசிறி தொடரும். அங்கே அது அதிக நேரம் ஓடுவதில்லை, எண்ணெய்ப் பிசுக்கையும் ஆவியையும் ஒரு போர்டு தாங்க வேண்டிய தேவையும் இல்லை.