கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு லினக்ஸ் மின்ட் விமர்சனம்: சாதாரண ஆளுக்கு இது சரிப்படுமா?

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. அதிலிருந்து எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் தெரிந்த யாரைப் பார்த்தாலும் ஜனங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "லேப்டாப் நல்லாத்தானே ஓடுது, இதைப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா?" விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இங்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துச் சித்தூர் தாலுகாவில், கோயமுத்தூரிலும் பொள்ளாச்சியிலும் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை லேப்டாப்புகள்தான் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் கொடுத்து, அதோடு விடாமல் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கூட இருந்தே பார்த்து வருகிறேன்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தினசரி புழங்குவதற்கு லினக்ஸ் விண்டோஸை விடக் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் முதலில் அதைப் போடுவதிலும், சில கருவிகளைச் சேர்ப்பதிலும், ஒரு சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லாததிலும்தான் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் எல்லையின் இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி.

எங்கள் எதிர்வீட்டு அக்கா தையல் வேலை செய்கிறார். நாலு ஜிபி ராம் உள்ள பழைய ஐ3 லேப்டாப். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டி, மின்ட்டில் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், வைஃபை, சத்தம், எல்லாம் அவர் பழகிய இடத்திலேயே. பிளவுஸ் டிசைன் தேடுவது, யூடியூப் பார்ப்பது, கணக்கை ஒரு ஷீட்டில் போட்டு வைப்பது, கரண்ட் பில் கட்டுவது, இவ்வளவுதான் அவர் வேலை. வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் தனிச் செயலி இல்லை. மின்ட்டிலேயே வரும் வெப் ஆப்ஸ் என்ற கருவியால் வாட்ஸ்அப் வெப்பை மெனுவில் ஒரு ஐகானாக வைத்துவிட்டால், அது பிரவுசரில் ஓடுகிறது என்ற நினைப்பே அவருக்கு வருவதில்லை. போட்டு முடித்த அன்று அவருடைய மகள் வந்து எட்டிப் பார்த்தாள், ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். "ஏனுங்கண்ணா, எங்க ஸ்கூல் லேப்ல இருக்கறதும் இதேதானே?" என்று கேட்டுக்கொண்டே, எம்எஸ் ஆபிஸ் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸைத் திறந்து அம்மாவுக்குக் கூட்டல் ஃபார்முலா போட்டுக் காட்டிவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு நான் தேவைப்படவில்லை.

கேரளப் பள்ளிகளில் ஐடி பாடம் முழுக்க, யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் முடிகிற கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. 2001ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம்தான் 2017ல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது, அவர்கள் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தயாரிக்கும் லினக்ஸ்தான் பள்ளி லேப்களில் ஓடுகிறது. போட்டோ திருத்தும் ஜிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப், கணக்குக்கான ஜியோஜீப்ரா எல்லாம் இந்தப் பிள்ளைகள் பாடத்திலேயே படித்த பெயர்கள். எஸ்எஸ்எல்சி ஐடி செய்முறைத் தேர்வையே லினக்ஸில் எழுதி வருகிறவர்களிடம் போய் "லினக்ஸ் கஷ்டம்" என்றால் என்ன சொல்வார்கள்? அதே பிள்ளை எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சியில் காலேஜ் சேர்ந்தால், அங்கே விண்டோஸ்தான் புதுசு. தமிழ்நாட்டு அரசு இலவச லேப்டாப் கொடுத்த காலத்தில் அதிலும் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. ஆனால் நான் பார்த்த வரையில் அதைச் சொல்லிக் கொடுக்க வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை, பிள்ளைகள் அதைத் திறக்கவே இல்லை. ஒரே மாதிரி மென்பொருள், ஒரு பக்கம் சுலபம், இன்னொரு பக்கம் கஷ்டம் என்று பெயர் எடுத்திருக்கிறது. இதில் லினக்ஸின் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, உண்மையிலேயே சிரமம் தரும் விஷயங்களுக்கு வருவோம்.

முதலில் டைப்பிங். எங்களுக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ் 99 என்று ஒரு லேஅவுட் (எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்ற அமைப்பு) பட்டியலிலேயே இருக்கும், அதைச் சேர்த்துவிட்டு மெய்யெழுத்தின் புள்ளி தானாக விழவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். தமிழ் 99 பழகியவர்களுக்கு 'அம்மா' என்பது நாலே தட்டு: அ, ம, ம, ஆ. நடுப்புள்ளி தானாக வர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள லேஅவுட் ஒவ்வொரு விசைக்கும் ஒரு எழுத்தைத் தருமே தவிர, முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. அதற்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போட்டு, அதிலுள்ள தமிழ் 99ஐச் சேர்க்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும், அப்புறம் மூன்று மொழிக்கும் ஒரே ஷார்ட்கட்டில் மாறிக்கொண்டே எழுதலாம். ஆனால் இதைச் சாதாரண ஆள் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மொழியைத் தேர்ந்தெடுத்ததுமே இது சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

அடுத்தது வேர்ட் ஃபைல். விண்டோஸில் லதா, நிர்மலா யுஐ எழுத்துருக்களில் அடித்த பயோடேட்டாவை லிப்ரே ஆபிஸில் திறந்தால், அந்த எழுத்துருக்கள் இங்கே இல்லாததால் வேறொன்றை எடுத்துக்கொள்ளும், இரண்டு பக்கம் மூன்று பக்கமாக நீளும், டேபிளின் கோடு நகரும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும். யுனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை இதிலும் போட்டுக்கொள்ளலாம், எழுத்து அப்படியே தெரியும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலேயே வேலை செய்யும் டிடிபிக்காரர்களை மட்டும் நான் மாறச் சொல்ல மாட்டேன். டேலியில் வியாபாரக் கணக்குப் போடுகிறவர்கள், ஆதார் கைரேகைக் கருவியும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் வைத்து அக்ஷயா (கேரளத்து அரசு சேவை மையம்), இ-சேவை மாதிரி மையம் நடத்துகிறவர்கள், நீங்களும் விண்டோஸிலேயே இருங்கள். அங்கே ஒரு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) மக்கர் பண்ணினால் அன்றைக்கு வருமானம் போய்விடும்.

பிரிண்டர் ஒரு தனிக் கதை. புதிய வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் ஆன் செய்ததும் தானாகவே பட்டியலில் வந்து நிற்கின்றன, விண்டோஸில் கூட இவ்வளவு சுலபமாக வந்து நான் பார்த்ததில்லை. பழைய சின்ன லேசர் பிரிண்டர்களில் சில வேறு ரகம். பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் டிரைவரிடமே விட்டுவிடுகிற மாதிரி செய்யப்பட்டவை, அதற்கான லினக்ஸ் டிரைவர் சரியாக இல்லையென்றால் ஒரு தாள் கூட நகராது. தெரிந்த ஜெராக்ஸ் கடை ஒன்றில் அதற்காகவே ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸில் விட்டுவைத்தோம். ஆனால் அதே கடையில், கண்டவர்கள் கொண்டுவரும் பென்டிரைவைச் சொருகுவதற்கு மின்ட் போட்ட கம்ப்யூட்டர்தான். ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட் ஆக்குகிற அந்த வைரஸ் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, இங்கே அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கடைக்காரருக்கு மனசு நிம்மதி.

அப்டேட் விஷயத்தில் மின்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கீழே ஒரு சின்னக் கேடயம் தெரியும், எப்போது போடுவது என்பது நம் இஷ்டம், வேலைக்கு நடுவில் ரீஸ்டார்ட் கேட்டு வற்புறுத்தாது. சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியைத் தொடக்கத்திலேயே செட் பண்ணி வைத்துவிட்டால், ஏதாவது கெட்டுப்போனாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. பழைய லேப்டாப் ஒன்றுக்கு அது தாராளம்.

யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், அது வரை டிஸ்கில் இருக்கும் எதுவும் மாறாது. மெதுவாகத்தான் ஓடும், அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். அந்த நிலையிலேயே வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். நாலும் சரி என்றால், போட்டோவையும் ஃபைலையும் வேறு டிரைவில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். பக்கத்தில் கேரளப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.