டைனமைட்டா, பட்டரா?

கோபியில் அக்கா மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. பிடிஎஸ் என்ற கொரியக் குழுவின் பாட்டுக்குத்தான் ஆடுவது என்று முடிவாகிவிட்டது. "டைனமைட்டா, பட்டரா? நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள்.

கணக்குப் பார்த்தால் பட்டர்தான். 2021 மே மாதம் வந்து, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் மொத்தம் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. டைனமைட் 3 வாரம்தான். ரசிகர்கள் கூடிக்கூடிப் பாட்டை விலைக்கு வாங்கியே பட்டரை மேலே நிறுத்தினார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. பிடித்த பாட்டைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. கிராமி பரிந்துரை இரண்டுக்கும் கிடைத்தது, விருது இரண்டுக்கும் இல்லை.

ஆனால் டைனமைட் வந்த நேரத்தை மறக்க முடியுமா? 2020 ஆகஸ்ட், கொரோனா காலம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கைபேசியும் கையுமாக வீட்டுக்குள் இருந்தார்கள். அப்போது வந்த துள்ளலான டிஸ்கோ அது. முழுக்க ஆங்கிலத்தில் அவர்கள் வெளியிட்ட முதல் பாட்டு. கொரியக் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் தொட்டதும் அப்போதுதான். கொரிய மொழி இல்லையே என்று சில ரசிகர்கள் வருந்தினார்கள், அந்த வருத்தமும் நியாயமானதுதான்.

சரி, மேடைக்கு எது? பட்டர் 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒத்திகைக்குச் சுலபம். ஆனால் அதன் நளினமும் நடுவில் வரும் ராப்பும் சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். டைனமைட்டின் தாளம் நேரானது. மாரியம்மன் பண்டிகையில் கம்பம் சுற்றி ஆடிப் பழகிய கால்களுக்கு அது உடனே பிடிபடும்.

டைனமைட் என்றேன். அன்று சாயங்காலமே வாசலில் ஒத்திகை தொடங்கிவிட்டது.