நடுவர் தீர்ப்பாயமா, நம்மூர் நீதிமன்றமா?

ஒரகடத்தில் கார் தயாரித்துவந்த ஜப்பான் நிறுவனமான நிசான், தமிழக அரசு தர வேண்டிய ஊக்கத்தொகை பாக்கி என்றது. ஆனால் இந்திய–ஜப்பான் ஒப்பந்தத்தைக் காட்டி, இந்திய அரசின் மீது சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020-ல் சமரசமாக முடிந்தது. அதே தொகை அம்பத்தூர்ப் பட்டறைக்காரருக்கு நின்றுபோனால், அவருக்கு உயர் நீதிமன்ற ரிட் மனுதான் வழி. இத்தகைய தீர்ப்பாயங்கள் மீதான மக்கள் கோபத்தின் வேர் இந்த இரட்டை வாசல்தான்.

தீர்ப்பாயத்தில் பொதுவாக மூவர்: முதலீட்டாளர் ஒருவரையும் அரசு ஒருவரையும் நியமிக்கும், மூன்றாமவர் தலைவர். இன்றைய நடுவர் நாளை வேறொரு வழக்கில் வக்கீலாக நிற்கலாம். விசாரணை பெரும்பாலும் மூடிய அறையில். வழக்கமான மேல்முறையீடு கிடையாது. குறுகிய காரணங்களுக்காக ரத்து கோரலாம், அவ்வளவுதான். தோற்றால் இழப்பீடு வரிப்பணத்திலிருந்து.

நீதிமன்றத்தில் கதவு திறந்திருக்கும், மேல்முறையீடு உண்டு, நீதிபதியை வழக்காடுபவர் தேர்ந்தெடுக்க முடியாது. நம்பகத்தில் இதுவே மேல். குறை, காலம். அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவுக்கு எதிராக 2002-ல் ஒரு வணிக நடுவர் தீர்ப்பில் வென்ற ஆஸ்திரேலியாவின் வைட் இண்டஸ்ட்ரீஸ், அதைச் செயல்படுத்த முடியாமல் நம் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்தத் தாமதத்துக்காகவே 2011-ல் நடுவர்கள் இந்தியாவைப் பொறுப்பாக்கினார்கள்.

அதன்பின் வந்த 2015 மாதிரி ஒப்பந்தம் (பிற நாடுகளுடன் முதலீட்டு ஒப்பந்தம் போட இந்தியா வைத்த வரைவு), முதலில் 5 ஆண்டு உள்நாட்டுத் தீர்வைத் தேடச் சொல்கிறது. 2024-ல் அமீரகத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் அது 3 ஆண்டாகிவிட்டது. வணிக நீதிமன்றங்கள் அதற்குள் முடிக்காவிட்டால், வழக்கு மறுபடி அந்த மூவரிடம்தான் போகும்.