புனலா, சூட்கேஸா, கரண்டா? டெல்டாவில் பழைய பிளேட் கேட்க எது சரி

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது பரணிலிருந்து பாத்திர பண்டங்களோடு ஒரு பிளேட் (இசைத்தட்டு) பெட்டியும் இறங்குவது உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்து கேட்பது, "இதைப் போட்டுக் கேட்க எந்த மெஷின் வாங்கலாம்?" என்று. கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு பதில் இருக்கும்: பளபளவென்று பித்தளைப் புனல் வைத்த கிராமபோன். சினிமாவிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த உருவம் அது.

என் பதில் வேறு. புனல் வேண்டாம். சாவி முறுக்கும் சூட்கேஸ் கிராமபோன் வாங்குங்கள். பெட்டியில் நாகஸ்வரமோ பழைய நாடகப் பாட்டோ இருந்தால் அதற்கு அந்த சூட்கேஸும் வேண்டாம், கரண்டில் ஓடும் பிளேயர்தான் சரி. (எடிசன் காலத்து உருளை போனோகிராபை இங்கே சேர்க்கவில்லை. அதில் ஊசி மேலும் கீழுமாக அசையும், தட்டில் பக்கவாட்டில் அசையும். மெழுகு உருளை நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். நம் பரண்களில் இருப்பது தட்டுகள்தான்.)

முதலில் பெட்டிக்குள் பாருங்கள்

மெஷினைத் தேடுமுன் பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 10 அங்குலம், கனம், வளையாது, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும் என்றால் அது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம். அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்தது. கல்மாவு சேர்த்ததில் ஒரு கணக்கு இருந்தது. புது எஃகு ஊசியை முதல் சில சுற்றிலேயே தேய்த்து, தன் பள்ளத்துக்குத் தகுந்த வடிவத்துக்கு அது கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒரு ஊசி ஒரு பக்கத்துக்கு மட்டும். சிக்கனம் பார்த்து அதே ஊசியில் அடுத்த பக்கத்தையும் ஓட்டினால், தேய்ந்த முனை உளி மாதிரி பள்ளத்தைச் செதுக்கிவிடும்.

வளைந்து கொடுக்கும், 12 அங்குலம், 33 என்று அச்சிட்டிருக்கும் என்றால் அது வினைல் எல்.பி. அதை எந்தச் சாவி கிராமபோனிலும் ஒரு தடவைகூடப் போடக் கூடாது. நூறு கிராமுக்கு மேல் கனம் எஃகு முனையில் உட்கார்ந்து வினைலை உழுதுவிடும். பெட்டியில் எல்.பி. மட்டும்தான் என்றால் கிராமபோன் பேச்சே வேண்டாம், பிளேயர் பகுதிக்குப் போய்விடலாம்.

புனல் கிராமபோன்

முதல் சிக்கல், சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை பழசே அல்ல. வட இந்தியப் பட்டறைகளில் செய்த புதுப் பித்தளைப் புனல், புது மரப்பெட்டி, ஏதோ ஒரு பழைய சூட்கேஸிலிருந்து பிடுங்கிய மோட்டார், முகப்பில் நாய்ப் படம் போட்ட ஒரு பித்தளைத் தகடு. சில ஆயிரத்துக்கு இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. அதையே அறுகோண, எண்கோணப் பெட்டியில் வைத்து "ஜமீன் வீட்டுச் சாமான்" என்று பல மடங்கு விலைக்கு விற்பவர்களும் உண்டு.

அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. அசல் எச்.எம்.வி. கம்பெனி மெஷினில் நாய்ப் படம் பெரும்பாலும் மரத்தின்மேல் ஒட்டிய சன்னமான வண்ணப் படமாக இருக்கும், ஆணி அடித்த தகடாக இருக்காது. அசலில் சவுண்ட் பாக்ஸ் (ஊசியைப் பிடித்து அதன் அசைவைச் சத்தமாக்கும் வட்டப் பகுதி) பிடிக்கும் கை ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனை நோக்கிச் சீராக விரியும். போலியில் அது தண்ணீர்க் குழாய்போல் ஒரே தடிமனில் இருக்கும். பெட்டியைத் திறந்து மோட்டார் பலகையைப் பாருங்கள். வேறு மோட்டாருக்குப் போட்ட துளைகள் காலியாகக் கிடந்தால், பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். போலி வாங்கினால் பணம் மட்டும் போவதில்லை. கையின் கோணமும் கனமும் தப்பாக இருப்பதால் நல்ல பிளேட்டுகளும் சேர்ந்து போகும்.

சரி, அசலே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் டெல்டாக்காரர்களுக்கு அது பொருந்தாது என்பேன். வெளிப்புனல் கிராமபோனின் பொற்காலம் 1920களுக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்டது. மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது 1925இல் தொடங்கியது. நம் பரணில் கிடக்கும் பிளேட்டுகளில் பெரும்பங்கு அதற்குப் பிந்தியவை: மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், திருமருகலில் பிறந்து திருவாவடுதுறையின் பெயரோடு சேர்ந்துவிட்ட டி.என். ராஜரத்தினம் பிள்ளை, அவர்கள் காலத்து மற்ற வித்வான்கள். அந்தப் பிளேட்டில் பள்ளத்தின் அசைவு அதிகம். பழைய புனலின் கனத்த மைக்கா சவுண்ட் பாக்ஸ் அதற்கு ஈடுகொடுக்காமல் உச்சத்தில் கரகரக்கும், பிளேட்டையும் தேய்க்கும். பாகவதர் பாட்டைப் புனலில் கேட்டால்தான் அந்தக் காலத்து மணம் வரும் என்பவர்களுக்கு ஒன்று: அந்தப் பாட்டு வந்தபோதே புனல் பழசாகிவிட்டிருந்தது.

கூடத்தில் அழகுக்கு வைக்க ஆசையா? தாராளமாக வையுங்கள். ஆனால் அசல் என்றால் பொங்கலுக்குப் பித்தளைப் பாத்திரத்தோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். பழைய மெருகு போனால் விலையும் போச்சு.

சூட்கேஸ் கிராமபோன்

எச்.எம்.வி. 101 வந்தது 1925இல், அதை மாற்றி 102 வந்தது 1931இல். 102ஐ அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் செய்தார்கள். ஆகவே இன்றும் தேடினால் கிடைக்கிறது. கொலம்பியா சூட்கேஸ்களும் நன்றாகத்தான் இருக்கும். புனல் இதற்கும் உண்டு, பெட்டிக்குள் மடித்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து நிறுத்தினால் சத்தம் அதில் பட்டு முன்னால் வரும். திண்ணையில் வைத்து ஓட்டினால் வாசல்வரை கேட்கும். ஐப்பசி அடைமழையில் கரண்டு போனாலும் இதற்குக் கவலையில்லை.

101, 102 இரண்டில் எது? 102தான். அதன் சவுண்ட் பாக்ஸில் மைக்காவுக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகடு. 1930, 40களின் பிளேட்டுகளை மனதில் வைத்துச் செய்தது. ஒரு பலவீனம் உண்டு: அந்த சவுண்ட் பாக்ஸை வார்த்தது துத்தநாகக் கலவையில். வருஷங்கள் போகப் போக அது உப்பி வெடிப்பு விடும். வாங்கும்போது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் விட்டதை ஒட்டவைத்துப் பிரயோஜனமில்லை.

சூட்கேஸுக்கு இன்னொரு மேன்மை, யாரும் சொல்வதில்லை. 78 என்று பேர்தானே தவிர, ஆரம்ப காலப் பதிவுகள் 70லிருந்து 80க்கு மேல்வரை பல வேகத்தில் பதிவானவை. வேகம் மாறினால் சுருதியே மாறிவிடும். கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நெம்புகோல் இருக்கிறது. பாடகரின் சுருதி தெரிந்தவர்கள் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிடலாம். சாதாரண கரண்டு பிளேயரில் 78 என்றால் 78தான். வேகம் சரிபார்க்க, பிளேட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசி பிளேட்டில் ஓடும்போதே ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினால் போதும்.

கரண்டு பிளேயர்

இதில் மூன்று ரகம். எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி நம் நாட்டுப் பழைய பிளேயர்கள் முதல் ரகம். வாங்குமுன் வேகக் குமிழில் 78 இருக்கிறதா பாருங்கள். இவற்றின் ஊசி முனையில் ஒரு சின்னத் திருப்பி இருப்பதுண்டு, ஒரு பக்கம் எல்.பி.க்கு, மறுபக்கம் 78க்கு. 78இன் பள்ளம் அகலம். அதற்கு எல்.பி. ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் புழுதியில் உட்கார்ந்துகொண்டு இரைச்சலை மட்டும் பாடும்.

டெல்டாவுக்கென்றே ஓர் எச்சரிக்கை: பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதி) ஒருவகை உப்புப் படிகத்தால் ஆனது, ஈரத்தை உறிஞ்சும். மழை பார்த்த பெட்டியில் அது செத்துப்போயிருந்தால் ஆச்சரியமில்லை. "சத்தம் கம்மியா வருது, மத்தபடி நல்ல கண்டிஷன்" என்று விற்பவர் சொன்னால் பெரும்பாலும் இதுதான். செராமிக் கார்ட்ரிட்ஜாக மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இரண்டாவது ரகம், இணையத்தில் வண்ண வண்ணமாக வரும் புது சூட்கேஸ் பிளேயர். மூன்று வேகமும் போட்டிருப்பார்கள், ஊசி ஒன்றே ஒன்று, அதுவும் எல்.பி. ஊசி. 78க்கு வேண்டாம்.

மூன்றாவது, நல்ல டர்ன்டேபிள்: 78 வேகம், வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் வசதி, தனியாக ஒரு 78 ஊசி. விலை அதிகம்தான். ஆனால் பிளேட்டின்மேல் இறங்கும் கனம் சில கிராம் மட்டுமே. கம்ப்யூட்டரில் பதிவும் செய்துகொள்ளலாம். நம் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியாகி 60 ஆண்டு முடிந்தால் அந்தப் பதிவுக்கான உரிமைக் காலம் முடிகிறது.

ஒரே தோடி, இரண்டு மெஷின்

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பிளேட் ஒன்றை 102இலும் டர்ன்டேபிளிலும் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் இரண்டு கச்சேரி. 102இல் நாகஸ்வரம் முன்னால் வந்து நிற்கும். கூடத்துக் காற்றே அதிரும். அந்த வாத்தியத்தின் கூர்மை சவுண்ட் பாக்ஸுக்குத் தோதானது. ஆனால் தவிலில் வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் கேட்கும், தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்காரம் எங்கேயோ போய்விடும். அத்தனை சின்னப் புனலுக்குத் தாழ்ந்த ஒலியைத் தள்ள வலுவில்லை. டர்ன்டேபிளில் தொப்பி வரும், சுருதி பிடிக்கும் ஒத்தின் இழை வரும், வேகமான பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். கூடவே பிளேட்டின் சரசரப்பும் வரும். சாமி புறப்பாட்டில் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்பதற்கும் ஒத்துக்காரர் பக்கத்தில் நின்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

எனக்கு 102இன் சத்தம்தான் பிடிக்கும். இருந்தாலும் நல்ல நாகஸ்வரப் பிளேட்டை அதில் போடமாட்டேன். எஃகு ஊசி ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தின்னும். நிறையக் கிடைக்கும் ஐம்பதுகளின் சினிமாப் பாட்டுகளுக்கு 102, மறுபடி கிடைக்காதவற்றுக்கு டர்ன்டேபிள் என்று பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை.

ரிப்பேர்: உள்ளூரா, வெளியூரா

புனலில் ஒடுக்கு எடுக்க, தேய்ந்த திருகாணி கடைய, கும்பகோணத்தில் லேத் பட்டறைக்கும் பாத்திரப் பட்டறைக்கும் பஞ்சமில்லை. தையல் மெஷின் ரிப்பேர்க்காரர் ஒருவர் பொறுமையாக இருந்தால் மோட்டாரைத் துடைத்து எண்ணெய் விடும் வேலையை அவரிடமே கொடுக்கலாம். வேகத்தைச் சீராக்கும் கவர்னரின் தாங்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கிரீஸ். பாடும்போது "டொக்" என்று குதித்தால் ஸ்பிரிங் டப்பாவுக்குள் கிரீஸ் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த டப்பாவை மட்டும் யாரையும் விளையாட்டாகத் திறக்க விடாதீர்கள். முறுக்கை முழுதும் இறக்கினாலும் உள்ளே எஃகுப் பட்டை சுருண்டு இறுகித்தான் இருக்கும். தப்பாக வெளியே இழுத்தால் கையைக் கிழித்துவிடும். ஸ்பிரிங்கும் சவுண்ட் பாக்ஸும் இதையே தொழிலாகச் செய்பவரிடம் போகட்டும், வெளியூரானாலும் சரி. சவுண்ட் பாக்ஸுக்குள் ரப்பர் வளையம் கல்லாகியிருப்பதுதான் பாதி மெஷின்களின் கரகரப்புக்குக் காரணம். அளவு பொருந்தினால் சைக்கிள் வால்வு டியூபே அந்த வேலையைச் செய்யும் என்பது பலரும் அறிந்த கைவைத்தியம். பிளேயர் பக்கம் கவலை குறைவு, பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் போதும்.

பிளேட்டுக்கு ரிப்பேர் கிடையாது, சுத்தம் மட்டும்தான். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும். சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு மிதமான சோப்பு, மெல்லிய துணி, நடுவில் உள்ள லேபிள் நனையாமல். வைக்கும்போது நிறுத்தி வையுங்கள், அடுக்கிப் படுக்கவைத்தால் அடியில் இருப்பது உடையும். ஓட்டு வீட்டுப் பரணும் வேண்டாம், கறையான் உள்ள தரையும் வேண்டாம்.

விற்பவர்களுக்கு

விற்க மூன்று வழி. காயலான் கடையில் அரக்குக்கு எடை விலைகூடக் கிடையாது, மெஷினைப் பித்தளை, இரும்பு என்று பிரித்துவிடுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரே நாளில் காசு கைக்கு வரும். ஆனால் அவர்கள் பார்ப்பது மெஷினின் தோற்றத்தை, பிளேட்டில் யார் வாசித்திருக்கிறார் என்பதை அல்ல. சேகரிப்பவரிடம் நேரடியாகப் பேசினால் மாதக்கணக்கில் ஆகலாம், நாகஸ்வரத்துக்கும் நாடக செட்டுக்கும் (ஒரு நாடகத்தைப் பல பிளேட்டில் பிரித்த தொகுப்பு) உரிய விலை அங்கேதான். மெஷினைக் காரைக்குடிக்கும் பிளேட்டுகளைச் சேகரிப்பவருக்கும் என்று பிரித்து விற்பதே லாபம். 1963இல் வந்த எம்.எஸ். சுப்ரபாத எல்.பி.க்கு மட்டும் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். எல்லார் வீட்டிலும் இருந்தது, எல்லாரும் இப்போது விற்கிறார்கள்.

பட்டியல் போடும்போது லேபிளின் இரண்டு பக்கத்தையும் எண் தெரியும்படி படம் எடுங்கள். பஸ் பார்சலில் அனுப்புவதாக இருந்தால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் நடுவே அட்டை வைத்து, கட்டு ஆடாதபடி இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் நாலு புறமும் பஞ்சு திணித்து, செங்குத்தாக நிறுத்தி அனுப்புங்கள். பணம் வந்தபிறகு அனுப்புங்கள்.